கனகம் அக்காவின் கையுறைப் பெட்டி

ஒரகடத்தில் கார் கதவுக்குள் போகிற ஒயர்க் கட்டுகளைச் செய்யும் கம்பெனி எங்களுடையது. எனக்கு எதிர் மேசை கனகம் அக்கா. பக்கத்துப் பென்னலூர்க்காரர். கம்பெனிகளுக்காக நிலம் போன பிறகு அந்த வீட்டில் முதலில் கம்பெனி பஸ் ஏறியது அவர்தான், வீட்டுக்காரர் இல்லை. மகளை நர்சிங் படிக்க வைக்கிறார். வாய் ஓயாது, கை அதைவிட வேகம். ஒயரில் கிளிப் மாட்டி டேப் சுற்றுவது அவர் வேலை.

முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு தட்டு நிறையச் செய்து, தட்டோடு அடுத்த மேசைக்குத் தள்ளுவோம். நடுவில் யார் எழுந்து போனாலும் வேலை நிற்காது. இன்ஜினியர் சிவசங்கர் அதை மாற்றினார். தட்டு முழுக்கத் தப்பாகச் செய்துவிட்டுப் பிறகு கண்டுபிடிப்பதைவிட, ஒன்றைச் செய்ததும் அடுத்த கைக்குக் கொடுத்தால் தப்பு அங்கேயே தெரிந்துவிடும் என்று சொன்னார். சரியாகத்தான் இருந்தது. தரையில் அடுக்கிக் கிடந்த தட்டுகள் போய் நடக்க வழி கிடைத்தது.

கனகம் அக்காவுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. அவருக்குச் சர்க்கரை, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். புது முறையில் ஒருவர் எழுந்தால் லைனே நின்று, அவர் மேசைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். மாசக் கடைசியில் ஒப்பந்த ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள், விளக்கு அதிகம் எரிகிறவர்தான் முதலில் போவார் என்று கேன்டீனில் பேச்சு. அக்காவும் ஒப்பந்த ஆள்தான்.

அதனால் வேகமாகச் செய்து, மிஞ்சியதை மேசைக்குக் கீழே இருந்த கையுறைப் பெட்டிக்குள் போட்டு வைத்தார். அவர் எழுந்து போனால், லைன் நிற்காதபடி அடுத்த மேசை சந்தனமாரி அதிலிருந்து எடுத்துக்கொள்வாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண்.

"யக்கா, இன்னிக்கு கடையில சரக்கு இருக்கா?" என்று கிண்டலாகக் கேட்பாள்.

"கீது, கீது. கம்முனு வேலையப் பாரு" என்பார் அக்கா.

ஒரு திங்கட்கிழமை கிளிப் மாறியது. வெள்ளை போய்ச் சாம்பல் நிறம். சனிக்கிழமை செய்த வெள்ளைக் கிளிப் கட்டுகள் பெட்டிக்குள் இருந்ததை இருவருமே மறந்துவிட்டார்கள். அக்கா பாத்ரூம் போயிருந்த நேரத்தில் சந்தனமாரி பழக்கத்தில் எடுத்து வேலையை முடித்து அனுப்பிவிட்டாள். சோதிக்கிற இடத்தில் சாம்பலுக்கு நடுவே வெள்ளை வந்து நின்றது. லைனை நிறுத்தி, சிவசங்கர் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்து அந்தப் பெட்டியைத் திறந்தார்.

அதற்குள் திரும்பி வந்திருந்த அக்கா கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க சார். எனக்கு சுகரு கீது. நான் எழுந்தா லைட்டு எரியுது. அதான் சேத்து வெச்சேன்."

சிவசங்கர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அக்காவின் விளக்கு எரியவே இல்லையாம். அந்த மேசையில் வேலை குறைவு என்று நினைத்து, மறுநாளிலிருந்து இன்னொரு கிளிப்பையும் அவர் தலையில் கட்ட ஏற்பாடு செய்து வைத்திருந்தாராம்.

"வெச்சது தப்பில்லக்கா. ஒளிச்சு வெச்சதாலதான் எனக்கு எதுவுமே தெரியல. கார்ட மாட்டிக்கோங்க" என்றார்.

சந்தனமாரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் அந்த இரண்டு மேசைக்கும் நடுவில் மஞ்சள் டேப்பில் ஒரு கட்டம் போட்டிருந்தது. மிஞ்சியதை அதில் எல்லாரும் பார்க்கும்படி வைக்கலாம். கட்டம் நிறைந்தால் நிறுத்திவிட வேண்டும். மாடல் மாறும்போது முதலில் அதைக் காலி செய்ய வேண்டும். எழுந்து போகிறவர் இடத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னைப் போட்டார்கள். இன்னொரு கிளிப் என்ற பேச்சு அதோடு போனது. மாசக் கடைசியும் வந்து போனது. அக்காவை யாரும் கூப்பிடவில்லை.

முதலில் கொஞ்ச நாள் அக்கா மாற்று ஆள் கேட்டுக் கையைத் தூக்கவே கூச்சப்பட்டார். நானாகப் போய்ப் பின்னால் நிற்பேன். நேற்று சிவசங்கர் பக்கத்திலேயே இருக்கும்போது, "ஏம்மா, இங்க வந்து நில்லு, பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்" என்று லைனுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். சிவசங்கர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா போகிற வழியில் யாரிடமோ பேசிக்கொண்டு மெதுவாகத்தான் போனார்.