ஃபிட்டர் டெஸ்ட்

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த தகரப் பட்டறையில் ஹெல்பராக இருப்பவன் ஃபிட்டராக வேண்டுமென்றால் வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்ட் வைப்பார்கள். ஃபிட்டரின் கூலி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிளஸ் டூ முடித்திருந்த என் பெண்ணைக் காலேஜில் சேர்ப்பதா, வண்ணாரப்பேட்டை துணிக்கடைக்கு அனுப்புவதா என்பது அந்த டெஸ்ட்டில்தான் இருந்தது.

டெஸ்ட் என்றால், ஏசி காற்று போகும் தகரக் குழாயான டக்டில் திருப்பத்துக்கு வரும் எல்போ ஒன்றை நாமே குறித்து, வெட்டி, மடித்துக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும், கூலி கிடையாது. செய்தேன். ஃபோர்மேன் டேப்பை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மடிப்பு சரியில்ல மாமு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

எனக்கு என் மேல்தான் கோபம். பெண் துணிக்கடைக்குப் போனாள். ஒரு வருஷம்தானேப்பா என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

சில வாரம் கழித்து காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு குடோனில் டக்ட் மாட்டப் போனோம். லாரியிலிருந்து இறக்கிய சாமான்களில் என் எல்போ இருந்தது. மடிப்பின் ஓரத்தில் நான் கூடுதலாகத் தட்டிவிடுவேன், அந்தத் தடம் அப்படியே தெரிந்தது. ஹெல்பர் கூலிக்கு நானே ஏணியில் ஏறி அதை மாட்டினேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. குடோன் இன்ஜினியர் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

என்னைவிட மூத்த ஹெல்பர் ஒருவர் கீழே ஏணியைப் பிடித்திருந்தார். இது டெஸ்ட்டில் நான் செய்தது என்று அவரிடம் சொன்னேன்.

"உனுக்கு இப்பதான் தெரியுதா? என்னுது ஊரெல்லாம் தொங்கிகினு கீது" என்று சிரித்தார்.

முதலாளி திருடன், சரி. தெரிந்துகொண்டே வருஷா வருஷம் ஞாயிற்றுக்கிழமை குளித்து, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு டெஸ்ட்டுக்கு வருகிறாரே இந்த மனுஷன், அவரைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது. அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுவருஷம் டெஸ்ட் நெருங்கியபோது ஃபோர்மேன் என் மேஜைக்கு வந்து வரைபடத்தை விரித்தார்.

"இந்த தபா அளவு கரெக்டா வரணும் நைனா. எண்ணூர்ல செவுத்துல ஓட்டை போட்டு வச்சிட்டாங்கோ."

அவர் முகத்தில் துளிகூடக் கூச்சம் இல்லை. எனக்கு டெஸ்ட் வேண்டாம் என்றேன். அவர் வரைபடத்தைச் சுருட்டி அடுத்த மேஜைக்குக் கொண்டுபோனார். அங்கே, அன்று ஏணி பிடித்த அந்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.