வெட்டிவிட்ட வரம்பு

ஸ்கந்தபுரத்தில் எங்கள் வயல் ஆற்றோரம் இருக்கிறது. பயிரைக் காக்க இரு கரையிலும் எல்லோரும் வரம்பை உயர்த்திக்கொண்டே போனோம். போன மாரியில் பரவ இடமில்லாத வெள்ளம், கீழே இருந்த வீடுகளை நோக்கிச் சீறிப் பாய்ந்தது.

என் மனைவி மண்வெட்டியை எடுத்தாள். "இஞ்சாருங்கோ, எங்கட வரம்பை வெட்டுவம். தண்ணி வயலுக்குள்ள பரவட்டும்."

"பயிர் போயிடுமெல்லே?"

"ஓம், போகும். அங்க சனமெல்லே இருக்குது."

வெட்டினோம். பயிர் மூழ்கியது, வெள்ளம் அந்த வீடுகளின் வாசல்களோடு நின்றது. தைப்பொங்கலுக்கு எங்களிடம் புத்தரிசி இல்லை. அந்த வீட்டுக்காரர்கள்தான் கொண்டுவந்து தந்தார்கள்.

இப்போது ஆற்றுப்பக்க வரம்பை நாங்கள் உயர்த்துவதில்லை. இந்த மாரிக்கு முன்னர் பக்கத்து வயல்காரரும் தங்கள் வரம்பைத் தணித்தார்கள். எவ்வளவு தணிக்கலாம் என்று அவர்கள் வந்து கேட்டது என் மனைவியிடம்.