ஆறு மாதத்தில் திறக்க வேண்டிய பல்

பிஸ்கட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலை. கடிப்பது. சிரிக்காதீர்கள், அதற்குத்தான் சம்பளம். அரை மணிக்கு ஒரு தடவை அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பிஸ்கட்டை எடுப்பாள். காதருகே வைத்து உடைப்பாள். பிறகு வாயில் போட்டுக் கண்ணை மூடி மெல்லுவாள். நடுவில் ஈரம் நிற்கிறதா, ஓரம் கருகியதா, இனிப்பு தூக்கலா என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. தொழிற்சாலை முழுக்க அவளுக்கு 'மொறுமொறு அக்கா' என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது.

"கொடுத்து வெச்சவங்க நீங்க. உக்காந்த இடத்துல ஓசி பிஸ்கட்" என்று பெட்டி கட்டும் பெண்கள் பொறாமைப்படுவார்கள். பல்லுக்கு என்ன ஆகும் என்று ஒருத்தியாவது கேட்டாளா? அரை மணிக்கு ஒரு தடவை சர்க்கரை. வாயில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு இதைவிட ராஜ உபசாரம் வேறெங்கே கிடைக்கும்? தின்றுவிட்டு அவை சும்மா இருந்தால் பரவாயில்லை, அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பல்லை அரிக்கும். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னவள் அவள் தங்கை.

அம்மாவும் அப்பாவும் போனபோது அக்காவுக்கு இருபத்திரண்டு, தங்கைக்குப் பதிமூன்று. இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே கண்ணாடி. அக்கா பிஸ்கட்டைக் கடித்துக் கடித்துத் தங்கையைப் பல் மருத்துவம் படிக்க வைத்தாள். இதைச் சொன்னால் தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். "நீ பல்லைக் கெடுத்துக்கிட்டு என்னைப் பல் டாக்டர் ஆக்குற. நல்லா இருக்குக்கா உன் நியாயம்!"

பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு விசித்திரம் உண்டு. கடைசி வருடத்தில் இத்தனை பல் அடைக்க வேண்டும், இத்தனை பல் பிடுங்க வேண்டும் என்று கணக்கு. அந்தக் கணக்கு முடியாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. நோயாளி தானாக வந்தால் சரி, வராவிட்டால் மாணவர்களே பிடித்துக்கொண்டு வர வேண்டும். அப்புறமென்ன, மாமா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று ஒருவர் வாயையும் விட மாட்டார்கள். தங்கைக்கு ஆழமான சொத்தை ஒன்று குறைந்தது. வீட்டில்தான் இருந்ததே! அக்காவின் கீழ்த்தாடையில், வலது பக்கம், பெரிய கடைவாய்ப் பல்.

மூன்றாவது மாடி, ஜன்னலோர நாற்காலி. அக்கா வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். ராட்டினத்தில் ஏறிய குழந்தை மாதிரி அவளுக்கு ஒரே பெருமை. தங்கையின் முகத்தில் முகமூடி, கண்கள் மட்டும் தெரிந்தன. முடிந்ததும் தங்கை சொன்னாள்.

"அடியில கொஞ்சம் சொத்தையை விட்டு வெச்சிருக்கேன் அக்கா. அதையும் தோண்டினா நரம்பு வெளிய வந்துடும். மேல நல்லா மூடிட்டேன். உள்ள இருக்கிற பாக்டீரியாவுக்கு இனிமே சாப்பாடு போகாது. பட்டினியில சுருண்டு கிடக்கும். அதுக்குள்ள பல்லு உள்பக்கமா தன்னைக் கெட்டியாக்கிக்கும். ஆறு மாசத்துல நானே திறந்து, மிச்சத்தை எடுத்துட்டு, நிரந்தரமா அடைச்சுடுறேன். இது தற்காலிகம்தான்."

"பாவம்டி, பட்டினி போடுறியே!"

தங்கை சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. பேராசிரியர் என்ன சொல்வாரோ என்ற பயம் போல என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தங்கை ஒரு அட்டையில் ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி எழுதிக் கொடுத்தாள். அக்கா அதைக் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

ஐந்து வாரம் கழித்துத்தான் தங்கை விஷயத்தைச் சொன்னாள். வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். பரீட்சை முடிந்ததும் கிளம்ப வேண்டுமாம். அக்கா அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. தொழிற்சாலை முழுக்கப் பிஸ்கட் கொடுத்தாள். வழியனுப்பும்போது தங்கை கட்டிப்பிடித்துக்கொண்டு, "லீவுக்கு வந்துடுவேன். உன் பல்லை நான்தான் திறப்பேன். வேற யாரையும் கை வைக்க விடாதே" என்றாள்.

விடவில்லை. ஏழு வருடம் விடவில்லை.

முதல் வருடம் படிப்பு. இரண்டாம் வருடம் பரீட்சை. அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை. "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்பது மட்டும் மாறவே இல்லை. ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முதல் கேள்வியே, "பல்லு எப்படி இருக்குக்கா?" என்பதுதான். "கல்லு மாதிரி இருக்கு. வந்து நீயே பாத்துக்கோ" என்பாள் அக்கா. போகப்போகக் கேள்வி நடுவில் வந்தது, பிறகு கடைசியில் வந்தது, பிறகு நின்றுபோனது. அக்கா மட்டும் இடது பக்கமாகவே மென்றாள். பைத்தியக்காரத்தனம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தப் பல் திறக்காமல் இருக்கும் வரை தங்கைக்கு இந்த ஊரில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வேலை பாக்கி இருக்கிறவள் வந்துதானே ஆக வேண்டும்? அக்கா அதைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினாள்.

ஏழாம் வருடம் அடைப்பின் ஓரம் உதிர்ந்தது. நாக்கு நுனியில் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட்டது. அது போதாதா? டீ இறங்கியது, சர்க்கரை இறங்கியது. பட்டினி கிடந்தவை விழித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தன. முதலில் குளிர்ந்த தண்ணீருக்குச் சுளீரென்றது. பிறகு இனிப்புக்கு. பிறகு சூடாகக் குடித்தால் வலி பிடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் விடாமல் நின்றது. கடைசியில் ஒன்றும் செய்யாமல் படுத்தாலே போதும், பல்லுக்குள் யாரோ உட்கார்ந்து இடிப்பது போல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். பல்லே வலித்தால் எதைக் கடிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனை எடுத்தாள். 'வலிக்குதுடி, வந்துட்டுப் போ.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தங்கையின் குழந்தை பின்னால் அழுதுகொண்டிருந்தது.

"இந்த வருஷமும் முடியாது போல இருக்குக்கா. லீவே கிடைக்கல."

"பரவாயில்லடி. குழந்தையைப் பாரு முதல்ல."

"நீ நல்லா இருக்கியா?"

"எனக்கென்ன கேடு?"

அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். பல்லு எப்படி இருக்கு என்று கேட்டிருந்தால் அன்றைக்கு நிச்சயம் உடைத்துச் சொல்லியிருப்பாள். தங்கை கேட்கவில்லை. பல் வலியைவிட அது அதிகமாக வலித்தது.

அடுத்த வாரம் வேலையில் வினை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வரிசைப் பிஸ்கட்டை அவள் கடிக்கவில்லை. இடது பக்கம் மென்றாலும் இனிப்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிடுமோ என்று பயம். காதருகே உடைத்துப் பார்த்தாள், சத்தம் சரியாகத்தான் இருந்தது. "மொறுமொறுப்பு சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மறுநாள் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஓரம் மொறுமொறு, நடுவில் சதசத.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். கத்தவில்லை. "அக்கா, இதை நீங்க கடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் மென்று விழுங்கினாள்.

அவர் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். "இப்பக் கடிங்க, பாப்போம்."

ரோஷம் வந்துவிட்டது. வேண்டுமென்றே வலது பக்கம் வைத்துக் கடித்தாள். அடுத்த நொடி தரையில் உட்கார்ந்திருந்தாள். சத்தமே வரவில்லை, கண்ணீர் மட்டும் கொட்டியது. "பல்லைப் பாக்காம வேலைக்கு வராதீங்க. கடிக்க முடியாதவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார் சூப்பர்வைசர். அதில் கோபமும் இருந்தது, இரக்கமும் இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு அதே கல்லூரிக்குப் போனாள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக மனம் வரவில்லை. மூன்றாவது மாடி ஜன்னலோர நாற்காலிதான் வேண்டும் என்று, பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி அடம்பிடித்து வாங்கினாள். அங்கே ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி நழுவ நழுவ, ஒரு கடைசி வருட மாணவி நின்றாள். அக்கா வாயைத் திறந்ததும் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் பல்லானது. கணக்கில் அவளுக்கு ஒரு ஆழமான சொத்தை குறைந்தது போல! அடுத்தவர் வலியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டோமே என்று உடனே வெட்கப்பட்டும் போனாள். அக்காவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"வலி எப்படி இருக்கு அக்கா?"

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா."

மாணவி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "ஏழு வருஷப் பழசா? இருங்க, பழைய ஃபைல் இருக்கான்னு பாக்குறேன்" என்று கீழே ஓடினாள். தூசி தட்டிக்கொண்டு ஒரு ஃபைலோடு வந்தாள். படங்களைப் பார்த்தாள், கடைசித் தாளைப் படித்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

"அக்கா... இதுல உங்களைப் பத்தி எழுதியிருக்கு. நீங்களே படிங்க."

தங்கையின் கையெழுத்து. மருத்துவ வார்த்தைகளெல்லாம் முடிந்த பிறகு, தாளின் அடியில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது.

'இதைத் திறக்கப் போகிறவருக்கு: ஆறு மாதத்தில் நான் இங்கே இருக்க மாட்டேன். வெளிநாட்டில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நோயாளி என் அக்கா. பல்லின் பின்பக்கம், நரம்புக்கு மிக அருகில் சொத்தையை விட்டிருக்கிறேன். அங்கே மெதுவாகப் போகவும். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். எதற்குமே அப்படித்தான் சொல்வாள். நம்ப வேண்டாம். மரத்துப் போன பிறகும் இன்னொரு தடவை கேட்கவும்.'

கீழே தேதி. பல்லை மூடிய அதே நாள்.

அடி கல்லுளிமங்கி! அன்றைக்கே தெரியுமா உனக்கு? கண் கலங்கியது இதற்குத்தானா? நானே திறக்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு, வேறொருத்தருக்குக் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனாயே! ஏழு வருடமாக இடது பக்கம் மென்றுகொண்டு ஒருத்தி காத்திருந்தாளே! அக்காவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அதே மூச்சில், தன்னை இவ்வளவு தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான் என்ற நினைப்பும் வந்தது. அவளைப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு தடவை இந்த ஜன்னலோரம் அவள் வந்து நிற்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

பேராசிரியர் வந்து பார்த்தார். நரம்பு பிழைக்காது, எடுத்துவிடலாம், பல்லைக் காப்பாற்றலாம் என்றார். ஊசி போட்டார்கள். தாடை கட்டையானது. மாணவி பழைய அடைப்பைத் தோண்டினாள். "தற்காலிகச் சிமென்ட்டுக்கா இது. இத்தனை வருஷம் நின்னதே பெரிய விஷயம்" என்று வியந்தாள். அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. கையைத் தூக்குவதற்குள் உறிஞ்சும் குழாய் சர்ரென்று இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பின்பக்கம் வந்ததும் மாணவி கையை எடுத்தாள். ஃபைலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, மறுபடியும் கேக்கணும்னு போட்டிருக்கு. வலிக்குதா?"

ஊசி நன்றாக வேலை செய்திருந்தது. பல் இருக்கும் இடமே தெரியவில்லை.

"வலிக்குது" என்றாள் அக்கா.