மிட்டாய்க்கு வந்த பிள்ளைகள்

பேபி டீச்சருக்குச் செய்தித்தாள் படிப்பது ஒரு வேலை. படித்ததை வைத்துச் சண்டை போடுவது இன்னொரு வேலை. காலையில் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி வண்டலூரில் இறங்குவதற்குள் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தை முடித்துவிடுவார். பிறகு பேருந்தில் எங்கள் ஊருக்கு வந்து பகல் முழுவதும் பாடம் நடத்திவிட்டு, மாலையில் அதே பேருந்தில் திரும்புவார். நான் தாம்பரம் நூலகத்துக்குப் போவதும் அந்தப் பேருந்தில்தான். அதனால் அவருடைய தீர்ப்புகளைக் கேட்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைத்தது.

"ஒவ்வொரு தீபாவளிக்கும் பெருங்களத்தூர்ல நெரிசல்னு போடறாங்க சார். அது செய்தியா? நெரிசல் இல்லாம ஒரு வருஷம் போச்சுன்னா, அதைப் போடட்டும். ரெண்டு காப்பி வாங்கறேன்."

ஆணிடம் சம்பளத்தையும் பெண்ணிடம் வயதையும் கேட்கக் கூடாது என்பார்கள். பேபி டீச்சரிடம் இரண்டையும் கேட்கத் தேவையில்லை, அவரே சொல்லிவிடுவார். வயது ஐம்பத்திரண்டு. கைக்கு வரும் சம்பளம் ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் கீழே. அப்பா ஏசுபாதம் பல்லாவரத்துத் தோல் கிடங்கில் கூலிவேலை பார்த்தவர். மகள் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பல ஆண்டுகள் ஒரு தனியார் பள்ளியில் சொற்பக் கூலிக்குப் பாடம் நடத்தினார். மூப்பு வரிசை நகர்ந்து நகர்ந்து அரசு வேலை வந்தபோது, ஒரு தேதி குறுக்கே விழுந்திருந்தது. அந்தத் தேதிக்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு ஒரு ஊதியம், பின் சேர்ந்தவர்களுக்குக் குறைந்த ஊதியம். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இருப்பதே இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் ஜெயஸ்ரீ தேதிக்கு முன்னால். பேபி டீச்சர் பின்னால். அதே புத்தகம், அதே சுண்ணக்கட்டி.

சம ஊதியம் கேட்டு நடந்த போராட்டத்தில் அவர் சென்னைக்குப் போய்ச் சாலையில் உட்கார்ந்தார். அந்த நாட்களின் சம்பளத்தை இழந்தார். அதைப் பற்றிப் பேருந்தில் சொன்னபோது குரலில் புலம்பல் இல்லை.

"நான் ஏழை இல்ல சார். நம்ம ஸ்கூலைப் பெருக்கற கன்னியம்மா வாங்கறதைப் பார்த்தா நான் பணக்காரி. ஜெயஸ்ரீ மேடத்தைப் பார்த்தா நான் ஏமாந்தவ. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கக் கூடாதா?"

உரிமை கேட்பவர்கள் தங்கள் துயரத்தைச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்வது வழக்கம். அதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைச் செய்யாமலும் உரிமை கேட்கலாம் என்பதை அன்றுதான் கண்டேன்.

பள்ளியில் காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு செய்தி சொல்லவேண்டும். டீச்சர் கரும்பலகையை மூன்றாகப் பிரித்து வைத்திருப்பார்: பார்த்தது, கேட்டது, படித்தது. எந்தச் செய்தி எங்கே போகும் என்பதைப் பிள்ளைகளே சொல்லவேண்டும். ஒருநாள் ஒரு சிறுமி, ஏரிக்கரையில் சிறுத்தை வந்தது என்றாள்.

"நீ பாத்தியா?"

"எங்க மாமா பாத்தாரு டீச்சர்."

"எங்க பாத்தாரு?"

"வாட்ஸ்அப்ல."

சிறுத்தை 'கேட்டது' என்ற கட்டத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. நம் அளவை நூல்கள் அறிவு வரும் வழிகளைக் காண்டல், ஊகித்து அறியும் கருதல், உரை என்று பிரிக்கின்றன. நடுவில் உள்ளதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். "கருத்து என்கிட்டயே மூட்டை மூட்டையா இருக்கு சார். அதுங்க பாவம், சின்னப் புள்ளைங்க," என்றார்.

ஜனவரி மாதம் உள்ளூர்ப் பக்கத்தில் எங்கள் பள்ளியே செய்தியாக வந்தது. பதினெட்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், ஆளுக்கு ஆண்டுக்கு இத்தனை லட்சம் ஊதியம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு மாணவன் அதைக் காலைக் கூட்டத்தில் சொல்ல, டீச்சர் தன் கையாலேயே பலகையில் 'படித்தது' என்பதன் கீழ் எழுதினாராம்.

அந்தச் செய்தியை ஊராட்சித் தலைவர் சம்பத் எடுத்துக்கொண்டார். சம்பத் கெட்டவர் அல்ல. ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்துடையது. இப்போது அடுக்குமாடிகளாக நிற்கிறது. ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம் வேண்டும், பெருஞ்சாலையோரத்து மண்டபங்களின் வாடகை யாருக்கும் கட்டுப்படியாகவில்லை என்பது அவர் வாதம். பள்ளியை மூடி, பிள்ளைகளைப் பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள நடுநிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் இடம் கிடைக்கும். குடியரசு தினக் கிராம சபையில் அதற்கான பரிந்துரைத் தீர்மானம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு.

"மூடினா எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல சார்," என்றார் டீச்சர் பேருந்தில். "வேற ஸ்கூலுக்கு மாத்துவாங்க. இதே சம்பளம் வரும். ஆனா அதுங்க அந்த ரோட்டைத் தாண்டணும். முடியாது." அன்று வேறு எந்தச் செய்தியைப் பற்றியும் அவர் பேசவில்லை.

குடியரசு தினத்தன்று கொடியேற்றியபின் பள்ளி வளாகத்திலேயே சாமியானாவின் கீழ் கிராம சபை கூடியது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். ஊராட்சிச் செயலர் ஹரிபிரசாத் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். சம்பத் செய்தித்தாளை உயர்த்திக் காட்டிப் பேசத் தொடங்கியதும் வார்டு உறுப்பினர் அங்காளம்மாள் எழுந்தார். அவர் மகள் இந்தப் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

"தலைவரே, பேப்பர்காரனுக்கு எண்ணத் தெரியல. கண்ணு முன்னாடி நிக்குது பாரு. நாப்பது புள்ளைங்க கீதுங்க. இந்த ஸ்கூலையா மூடப்போற?"

எல்லோரும் திரும்பினார்கள். கொடிக்கம்பத்தருகே சீருடையில் நாற்பது பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். தனியார் பள்ளிகளில் கொடியேற்றம் சீக்கிரம் முடிந்துவிடும். அங்கே ஆளுக்கு ஒரு சாக்லேட்டுதான். எங்கள் பள்ளியில் லட்டும் மிட்டாயும் உண்டு. அதனால் தனியார் பள்ளிக்குப் போகும் ஊர்ப் பிள்ளைகளும் இரண்டாம் முறை சுதந்திரமோ குடியரசோ கொண்டாட இங்கே ஓடிவருவார்கள். அங்காளம்மாள் செய்தது ஒன்றுதான். பழைய சீருடைகளை வீடு வீடாக வாங்கி அவர்களுக்கு மாட்டிவிட்டிருந்தார். ஒரு பொடியனின் சட்டை முழங்காலைத் தொட்டது. வரிசையில் சம்பத்தின் தம்பி மகனும் இருந்தான். பெரியப்பாவைக் கண்டதும் முன்னால் நின்றவளின் பின்னலுக்குப் பின்னே முகத்தை ஒளித்துக்கொண்டான்.

ஊருக்கே தெரியும். தெரியாதவர் அதிகாரி ஒருவர்தான். வெளியூர் அதிகாரி முன்னால் சொந்த ஊரைக் காட்டிக்கொடுக்கச் சம்பத்துக்கு நா எழவில்லை. செய்தித்தாளை மெல்ல மடித்தார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அதிகாரி, "நாற்பதுன்னா பரவாயில்லையே," என்றார். ஹரிபிரசாத் பேனாவின் மூடியைக் கழற்றினார். பள்ளி பிழைத்துவிட்டது.

அப்போது பேபி டீச்சர் அலுவலக அறையிலிருந்து லட்டுத் தட்டோடு வெளியே வந்தார். வரிசையைப் பார்த்தார். ஒரு நொடி நின்றார். அந்த நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. தட்டைக் கன்னியம்மாவிடம் கொடுத்தார்.

"ஹரிபிரசாத், எழுதாதப்பா," என்றார். பிறகு பிள்ளைகளிடம், "நம்ம ஸ்கூல் புள்ளைங்க மட்டும் இந்தப் பக்கம் வாங்க."

பதினெட்டுப் பேர் நகர்ந்தார்கள். முழங்கால் சட்டைப் பொடியன் தனக்கு லட்டு இல்லை என்று நினைத்து அழத் தொடங்கினான்.

"அழாதடா கண்ணு. லட்டு எல்லாருக்கும் உண்டு. எண்ணிக்கைதான் தனி."

அங்காளம்மாளுக்கு முகம் சிவந்தது. "ஏம்மா டீச்சர், உனுக்கு இன்னா பைத்தியமா புட்ச்சிருக்கு? யாருக்கோசரம் இத்தப் பண்ணேன் நானு?"

"எனக்காகத்தான்க்கா. தெரியும்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பதினெட்டுப் பேருக்கு ரெண்டு சம்பளம்! அதுவும் பத்தலைன்னு ஸ்டிரைக் வேற!" சாமியானாவே அதிரச் சிரித்தார்கள். ஜெயஸ்ரீ தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "பேப்பர்ல போட்டது சரிதான். புள்ளைங்க பதினெட்டு, டீச்சருங்க ரெண்டு. ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்னு போட்டிருக்காங்க, அது மட்டும் தப்பு. அதைத்தான் நான் ரோட்ல உக்காந்து கேட்டேன். இன்னும் கேப்பேன். என் சம்பளம் ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா கவர்மெண்டுக்கு எழுதுங்க. அதுக்கு இதுங்க எதுக்கு ரோடு தாண்டணும்?"

பிறகு தான் பார்த்ததைச் சொன்னார். நவம்பரில் கலைத் திருவிழா ஓவியப் போட்டிக்காக ஆறு பிள்ளைகளைச் சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஜல்லி லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் விடாமல் வந்திருக்கின்றன. நடுத்திட்டு வரை போய், மேலே போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றிருக்கிறார்கள். பயந்த ஒரு குழந்தை இழுத்த இழுப்பில் அவர் புடவை முந்தானை கிழிந்திருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தபோது போட்டி முடிந்து சாயத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்களாம்.

யாரும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளைத் தன் பக்கத்திலிருந்து தானே கழித்தவர், ஒரு லாரியைக் கூட்டிச் சொல்வார் என்று யாருக்கும் தோன்றவில்லை. நேர்மை என்ற சொல்லை நான் எச்சரிக்கையோடு பயன்படுத்துகிறவன். பெரும்பாலும் அது இழப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது காட்டப்படுவது. இவர் கையில் வெற்றி இருந்தது. அதை லட்டுத் தட்டைப் போல இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

சம்பத் தாடையைச் சொறிந்தார். "சரி டீச்சர். நாளைக்குக் காலைல நானே ரெண்டு புள்ளைங்கள இட்டுகினு தாண்டிப் பாக்கறேன். தாண்டிட்டா தீர்மானம். இன்னா சொல்றீங்கோ?"

"தாண்டிப் பாருங்க. ஆனா சோதனைக்குப் புள்ளைங்களைக் குடுக்க மாட்டேன்."

"அப்போ யார இட்டுகினு போறது?"

"என்னை இட்டுகினு போ," என்றார் அங்காளம்மாள், டீச்சரைப் பார்க்காமலே. "ஒண்ணாங்கிளாஸ் புள்ளை மாதிரி நடக்கறேன். கைய வுட்டே, பாத்துக்கோ."

மறுநாள் காலை பள்ளி நேரத்துக்கு ஊரே சாலையோரம் நின்றது. பேபி டீச்சர் வரவில்லை. அவருக்கு வகுப்பு இருந்தது.

சம்பத் அங்காளம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் காலை எடுத்துவைப்பதும் பின்வாங்குவதுமாக நேரம் போனது. "இன்னாண்ணா, பெல்லு அடிச்சிருப்பான்," என்று அங்காளம்மாள் குழந்தைக் குரலில் நச்சரித்தார். கூட்டம் கைதட்டியது. ஒருவழியாக இடைவெளி கிடைத்தது. நடுத்திட்டை அடைந்தார்கள். மறுபாதியில் இறங்கிப் பாதி தூரம் போயிருப்பார்கள்.

"அண்ணா, என் பென்சில் பாக்ஸ் வுழுந்துடுச்சி," என்று அங்காளம்மாள் சட்டென்று குனிந்தார்.

விளையாட்டாகத்தான் குனிந்தார். ஆனால் திருப்பத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அதன் ஒலிப்பான் அலறியது. சம்பத் அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்து நடுத்திட்டுக்கு இழுத்தார். சம்பத்தின் செருப்பு ஒன்று சாலையிலேயே கிடந்தது. லாரி அதன்மேல் ஏறிப் போனது. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

இருவரும் திட்டில் நெடுநேரம் நின்றார்கள். திரும்பி வந்தபோது சம்பத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹரிபிரசாத்திடம், "அந்தத் தீர்மானம் வாணாம், வுட்டுடு," என்று மட்டும் சொன்னார். கூடத்துக்கு ஏரிக்கரைப் பக்கம் இடம் பார்க்கலாம் என்றும் சொன்னதாக நினைவு.

ஒற்றைச் செருப்போடு நேராகப் பள்ளிக்கு நடந்தார். நாங்கள் சிலர் பின்னால் போனோம். உள்ளே வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் கையால் 'இருங்கள்' என்று காட்டினார். ஊராட்சித் தலைவர் வாசலில் நின்றார். வாய்ப்பாடு முடிந்ததும் டீச்சர் வெளியே வந்தார்.

"மூடல டீச்சர்," என்றார் சம்பத்.

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன்," என்று தொடர்ந்தார் சம்பத். "நேத்து நீங்க பேசாம இருந்திருந்தாலே ஜெயிச்சிருப்பீங்களே. ஏன்?"

"ஜெயிச்சிருப்பேன்ங்க," என்றார் டீச்சர். "அப்புறம் இன்னைக்குக் காலைல அந்த நாப்பது பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடணுமே. யார் உள்ளேன் ஐயா சொல்லுவா?"

கொடிக்கம்பத்தடியில் நின்ற அங்காளம்மாள், "உன்கூட நான் பேசமாட்டேன் போ," என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரித்தார்.

டீச்சர் வகுப்புக்குள் திரும்பினார். பதினெட்டுப் பேரில் அன்று பதினேழு பேர் வந்திருந்தார்கள்.