பக்கத்து வீட்டுக் கம்பெனி

என் வீட்டுக்காரர் அந்தமானில் பாராடாங் தீவுக்குப் போகும் அரசாங்க போட்டில் என்ஜின் டிரைவர். டீசலைப் புகை மாதிரிப் பீய்ச்சி என்ஜினுக்குள் அனுப்பும் சின்ன நாசிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் தட்டில் சோறு ஆறிவிடும். மெயின்லேண்டில் ஒரு கம்பெனி அந்த நாசிலைச் செய்கிறது, அது மாதிரி எதுவும் உழைக்காது என்று ஒருநாள் போர்ட் பிளேர் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று பக்கத்து வீட்டு கிளார்க்கிடம் சொன்னார். எனக்கு இருபது தடவை சொன்னதுதான். நான் கொட்டாவி விட்டேன். கிளார்க்கோ மதராஸில் இருந்த மச்சானுக்குக் கடிதம் போட்டு அந்தக் கம்பெனியில் பங்கு வாங்கிவிட்டார்.

பங்குப் பத்திரம் கப்பலில் வந்தது. கிளார்க் பெண்டாட்டி அதற்குக் கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதிலிருந்து குழாயடியில் ‘எங்க கம்பெனி’ என்றுதான் பேச்சு. கம்பெனி மீட்டிங்குக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று ஒருநாள் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அது கப்பலேறி வந்து சேர்வதற்குள் மீட்டிங் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. வீட்டுக்காரரிடம் தேதியைப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டு, சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன்.

“முடிஞ்சா என்னக்கா, கூப்பிட்டாங்கல்ல. உங்கள யாரு கூப்பிட்டா?” என்றாள்.

அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட்டேனா என்று எனக்கே தெரியாது.

நாமும் வாங்குவோம் என்று அவரைப் பிடுங்கினேன். மெயின்லேண்டில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். என் தாத்தா கைதியாகக் கப்பலேறி வந்தவர். அந்தப் பக்கம் கடிதம் போடக்கூட எங்களுக்கு ஆள் கிடையாது. வழி சொன்னது என் புருஷன் வாய், பத்திரம் அவள் வீட்டுச் சுவரில். ஒருநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் விளக்கேற்றி, அந்தக் கம்பெனியை இழுத்து மூட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அன்று நாலு மணி போட் வரவில்லை. மழையும் காற்றும். இருட்டிக்கொண்டு வந்தது, கடலில் ஒன்றையும் காணோம். அவர் உயிர் அந்தக் கம்பெனி நாசிலில் அல்லவா தொங்குகிறது என்று படகுத்துறையில் நிற்கும்போதுதான் உறைத்தது. காலையில் வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினேன். கம்பெனி நன்றாக இருக்கட்டும், அவள் சுவரில் இன்னும் நாலு பத்திரம் தொங்கினாலும் சரி என்றேன். எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான்.

போட் வந்தது. டீசலில் குப்பை வந்து நாசில் அடைத்துக்கொண்டதாம். கழற்றித் துடைத்து மாட்டியதும் என்ஜின் பிடித்துக்கொண்டதாம்.

“எங்க கம்பெனி சாமான் கைவிடாதுண்ணே” என்றாள் அவள். இவரும் தலையாட்டினார். நனைந்திருந்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அவர் ரிட்டயர் ஆகும்வரை தினமும் அந்தக் கம்பெனிக்காகவும் விளக்கேற்றினேன். கம்பெனி வளர்ந்தது. வருஷா வருஷம் லாபப் பணம் அவள் வீட்டுக்கு வந்தது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள், தினமும் கும்பிடுவது நான் என்று சொல்லிவிட்டேன்.

“அச்சா” என்று சிரித்தாள். “இன்னும் கொஞ்சம் நல்லாவே கும்பிடுங்கக்கா. மேல பத்துப் பங்கு வாங்கறதா இருக்கோம்.”