கழுவாமல் விடுகிற கிறீம்

ஷாம்பு மாதிரிக் கழுவி விடுகிற சாமானில் பிழை விட்டால் தண்ணீர் கொண்டு போய்விடும்; பூசி அப்படியே விடுகிற கிறீமில் விட்ட பிழை ஆளோடேயே திரியும். என்னைப் போலத் தலைமுடிக்குச் சாமான் செய்து பிழைத்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கொஞ்சம் கூட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் தலைமுடிக் கிறீம் செய்தேன். முடியை மெதுவாக்கும் தூள் கொழும்பிலிருந்து வரும். கழுவுகிற சாமானுக்குப் போடுவதில் கால் பங்குதான் கழுவாத கிறீமுக்குப் போடலாம், மிஞ்சினால் தோல் எரியும் என்று அதனோடு வந்த தாளில் இருந்தது. அப்படித்தான் போட்டேன். என் கிறீமை விற்ற கடைக்காரர் ஹனீபா, அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் அதை விரலில் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பச்சத் தண்ணி மாதிரிக் கிடக்கு தம்பி. சீப்பு வெச்சா வழுக்கணும். கொஞ்சம் கூட்டிப் போடுங்க."

நெற்றியோரம்

இரண்டு மடங்கு போட்டேன். போத்தல்கள் பறந்தன. சந்தோசப்பட்டேன், மறைக்கவில்லை.

பிறகு சாய்ந்தமருதிலிருந்து ஒரு உம்மா தன் மகள் நபீலாவைக் கூட்டி வந்தார். பத்து நாளில் அவளுக்கு நிக்காஹ். முக்காட்டை விலக்கினாள். முடி பளபளத்தது, நெற்றியோரமும் காதோரமும் சிவந்து, தோல் உரிந்து, நீர் கசிந்தது. ஒரு கண் வீங்கியிருந்தது. உம்மா ஏசுவார் என்று நின்றேன். மகள்தான் என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னாள்: "நல்லா வரணும் எண்டு நான்தான் காக்கா மூணு நேரமும் பூசின."

மருதமுனையில் ஒரு வீடு

நபீலாவின் நிக்காஹ் இரண்டு மாசம் தள்ளிப்போனது. புண் ஆறியது, நெற்றியோரத்தில் முடி மட்டும் சரியாக வரவில்லை. நான் சைக்கிளில் கடை கடையாக, வீடு வீடாகப் போய் அந்தக் கிறீமைத் திருப்பி எடுத்தேன்.

மருதமுனையில் ஒரு பெண் தறியை நிறுத்திவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். உள்ளே போய்ப் பாதி முடிந்த வாயகன்ற போத்தலோடு வந்தார். ஆனால் தரவில்லை, நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். போன மாசம்தான் அவருடைய மகள் காய்ச்சலில் மௌத்தாகி அடக்கம் செய்யப்பட்டிருந்தாள். கிறீமில் அவளுடைய விரல் தோண்டிய குழி அப்படியே இருந்தது. "இத ஒருத்தருக்கும் பூசக் குடுக்க மாட்டன் தம்பி. என்ட புள்ளட தலை வாசம் இதிலதான் கிடக்கு. விட்டுட்டுப் போங்க."

அதன் பிறகு தாளில் இருந்த அளவிலேயே நான் செய்த கிறீமால் ஒருத்தருக்கும் தலை எரியவில்லை, ஒருத்தரும் இரண்டாம் போத்தல் கேட்டு வரவுமில்லை. எட்டு வருசத் தொழிலில் நான் நிம்மதியாகத் தோற்றது அப்போதுதான்.