கயிலாயத்துக்கு இன்னொரு டிரைவர்

“...வளைவுன்னா எனக்குப் பயமே இல்லீங்க, நேர் ரோடுதான் பயம். ஸ்டியரிங்க ஒடிக்காம அரை மணி நேரம் ஓட்டுனா கண்ணு சொக்கிரும்,” என்கிறார் வேன் டிரைவர் செல்வம். டயகமவுக்கு இறங்கும் தேயிலைத் தோட்டப் பாதையில் வண்டி குலுங்குகிறது. நான் அவர் பக்கத்தில் கம்பியை இறுகப் பிடித்திருக்கிறேன்.

ஆபரேஷனில் மனைவி பிழைத்ததற்காகக் கயிலாயம் போகிற வேண்டுதல் அவருக்கு. இதே வேனை இலங்கையிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு அனுப்பி, இந்தியாவை நீளவாக்கில் கடந்து, நேபாளம் தாண்டிச் சீனாவுக்குள் நுழைய வேண்டும். நான்கு மாதமாக மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“தூங்கி விழுந்து என்னய நேரா சிவலோகத்துக்கே அனுப்பப் போறீங்களான்னு கேக்குறா. இன்னொரு டிரைவர் இல்லாம வரமாட்டாளாம். அவ தம்பி கொழுந்து லொறி ஓட்டுறான், தங்கமா ஓட்டுவான். ஆனா எங்களுக்குள்ள மூணு வருசமா பேச்சு இல்லீங்க. ஒரு கல்யாண வீட்டுல... அத விடுங்க.”

அடுத்த வளைவில் கொழுந்து மூட்டைகளோடு ஒரு லொறி ஏறி வந்து எதிரே நிற்கிறது.

“மச்சான்தான்,” என்கிறார் தணிந்த குரலில்.

ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது மலைப்பாதை வழக்கம். மச்சானுக்கு மட்டும் இவர் விடுவதில்லையாம். பாரத்தோடு அவன்தான் ஒவ்வொரு முறையும் பின்வாங்குவானாம். இப்போதும் லொறி மெல்லப் பின்னால் நகர்கிறது.

செல்வம் ஹாரன் அடித்து அதை நிறுத்துகிறார். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, மேல் வளைவு வரை வேனைப் பின்னாலேயே ஏற்றி ஓரங்கட்டுகிறார். லொறி பக்கத்தில் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, தன் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்குகிறார்.